லாஞ்சு எண்ணெய் குடித்த அம்பாசடர்

அந்த மார்கழியில் எங்கள் தெருவுக்கு அலாரம் தேவைப்படவில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் அம்மா எங்கள் அம்பாசடரைக் கிளப்புவாள். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டே தெருமுனை வரை போகும். அங்கே செகண்டுக்கு மாற்றுவாள். க்ர்ர்ரக்! கறிக்கடையில் எலும்பு நறுக்குகிற சத்தம் தோற்றுவிடும். எதிர்வீட்டு ரயில்வேக்காரர் படுக்கையிலிருந்தே "மாதாவே!" என்று அலறுவது வண்டிக்குள் இருக்கும் எங்களுக்கே கேட்கும்.

நான் பின் சீட்டில் அரைத் தூக்கத்தில் கிடப்பேன். முன் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அவரிடம் லைசென்ஸ் இருந்தது. வாயும் இருந்தது.

"அக்கா, கிளச்ச நல்லா மிதிக்கா. எறும்ப மிதிக்கிற மாதிரி மிதிக்கிறியே."

"மிதிச்சிகினுதான்டா கீறேன். இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுல போய் நிக்கும்."

"அப்ப கைய இன்னா பண்ற? மெதுவா இழுன்னா, அடிபம்புல தண்ணி அடிக்கிற மாதிரி அடிக்கிற."

"நீ வாய மூடிகினு குந்து. உன்னப் பாத்தாலே கியர் விழ மாட்டேங்குது."

இராயபுரத்தில் எங்கள் வீடு. அம்மா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் நர்ஸ். காலை ஷிஃப்டுக்குப் போக விடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டும், வண்டி பழகுவதெல்லாம் அதற்கு முன்தான். பஸ்ஸில் மீன் கூடைக்கும் சாப்பாட்டுத் தூக்குக்கும் நடுவில் நின்றுகொண்டே போவாள். வழியில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பஸ்ஸும் நிற்கும், அம்மாவும் நிற்பாள். கம்பெனி பஸ் ஒன்று உண்டு, ஆனால் அது அவள் ஷிஃப்டுக்கு ஓடாது.

அப்பா கப்பலில் ஃபிட்டர். வருடத்தில் பெரும்பகுதி தண்ணீர் மேலேதான் வாசம். போன லீவில் வந்தவர், தெரிந்தவர் ஒருவரிடமிருந்து இந்த வெள்ளை அம்பாசடரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறிவிட்டார். ஓட்ட ஆளில்லாத காரை எதற்கு வாங்கினார் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். அம்மா மட்டும் கேட்கவில்லை. கடைக்குப் போய் ஒரு எல் போர்டு வாங்கிவந்து முன்னால் ஒட்டினாள்.

"இன்னாம்மா, நீயா ஓட்டப் போற?" என்று நான் கேட்டபோது அவள் சொன்னது இவ்வளவுதான்:

"குந்திகினு வேலைக்குப் போகணும்டி. இத்தினி வருஷம் நின்னுகினே போயி, அங்கயும் நின்னுகினே வேலை செஞ்சி, நின்னுகினே திரும்பி வந்துட்டேன். ஒரு தபாவாவது குந்திகினு போறேன்."

இதற்கு மேல் என்ன கேட்க முடியும்? நான் அப்போது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திடமான நம்பிக்கையோடு இருந்த காலம். (அந்த நம்பிக்கை இப்போதும் பெரிதாகக் குறையவில்லை.) ஆனால் கார் விஷயத்தில் மட்டும் மாமாதான் எங்கள் வீட்டு அதிகாரி. காசிமேட்டில் அவருக்கு ஒரு லாஞ்சில் பங்கு உண்டு. மீன்பிடிக்கிற பெரிய படகைத்தான் அங்கே லாஞ்சு என்பார்கள். டீசல் இன்ஜினைப் பிரித்துப் பிரித்து மாட்டிய கை. ஆகவே எங்கள் காரும் அவர் கைக்குள் வந்துவிட்டது.

இந்த இடத்தில் காசிமேட்டு எண்ணெய் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

லாஞ்சில் வலையை இழுக்க ஒரு விஞ்சு இருக்கும். ஏதோ வெளிநாட்டு மெஷின் என்று நினைக்க வேண்டாம். பழைய லாரியின் பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக ஒரு டிஃபரன்ஷியல் இருக்குமே, அதை அப்படியே கழற்றி, லாஞ்சின் மேல்தளத்தில் போல்ட் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். ரோட்டில் சரக்கு இழுத்த பல் சக்கரம் கடலில் வலை இழுக்கும். அதற்குள் ஊற்றுவது நூற்று நாற்பதாம் நம்பர் கியர் ஆயில். கரும்புப் பாகு மாதிரி கெட்டி. அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம். உப்புக்காற்றோ டன் கணக்கான பாரமோ எது வந்தாலும் அது அசராது.

இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணெய் மேல் ஒரு பக்தியே உண்டு. லாஞ்சு வைத்திருக்கிற வீடுகளில் கேட் கீலுக்கும் அதுதான், மீன்பாடி வண்டிச் செயினுக்கும் அதுதான். எங்கள் தையல் மிஷின் கிறீச்சிட்டபோது மாமா அதிலும் இரண்டு சொட்டு விட்டார். மிஷின் வாய் திறக்கவில்லை. ஊசியும் இறங்கவில்லை, அது வேறு கதை.

அப்பா ஏறிய கப்பல் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் மாமா ஒரு கேனோடு வீட்டுக்கு வந்தார். வண்டிக்கடியில் படுத்து, கியர் பாக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் விரலில் தொட்டுப் பார்த்தார்.

"ஐய, இன்னாக்கா இது, தண்ணி மாதிரி கீது! எவனோ ஏமாத்தி ஊத்தி வுட்டுக்கீறான். இதுல ஓட்டுனா பல்லு தேஞ்சி பூடும்."

முன்னால் கியர் பாக்ஸிலும் பின்னால் டிஃபரன்ஷியலிலும் இருந்ததை எல்லாம் வடித்துவிட்டு, இரண்டிலும் லாஞ்சு எண்ணெயை முட்ட முட்ட ஊற்றினார். அக்காவுக்குத் தம்பி செய்த சீர். "கியர்னா கியர்தான். இனிமே உன் பேரன் காலம் வரைக்கும் தொறக்க வேணாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு சோறு தின்ன உட்கார்ந்தார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா பழக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அதனால் கியர் கடிக்கிற சத்தத்தைக் கேட்ட எல்லாருக்கும், அம்மாவையும் சேர்த்து, ஒரே முடிவு: அந்த அம்மாவுக்கு ஓட்ட வரவில்லை.

ஒரு பனிக் காலையில் முதல் டெஸ்டுக்குப் போனோம். மைதானத்தில் அம்மா எட்டு போட்டாள், ரிவர்ஸ் எடுத்தாள், எல்லாம் சோக்காகத்தான் போனது. ரோட்டுக்கு வந்து செகண்ட் மாற்றினாள் பாருங்கள், க்ர்ர்ரக்! இன்ஸ்பெக்டர் தங்கமான மனிதர். அம்மாவை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

"அம்மா, ரோடு பாத்து நல்லாத்தான் ஓட்டுறீங்க. ஆனா கியர் மாத்துறப்ப எனக்கே பல்லு கூசுது. இன்னும் கொஞ்ச நாள் பழகிட்டு வாங்க."

திட்டியிருந்தால் அம்மா திருப்பித் திட்டியிருப்பாள். மரியாதையாகச் சொன்னதுதான் அவளை உடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல், மாமாவைப் பார்த்துச் சொன்னாள்:

"டேய், அடுத்த தபாவும் பூட்ச்சின்னா வண்டிய நீயே இட்டுகினு போ. மீன் ஏத்திக்கோ, ஐஸ் ஏத்திக்கோ. எனக்கு இதெல்லாம் வராது. என் வூட்டுக்காரருகிட்ட நான் போன்ல சொல்லிக்கிறேன்."

"ஐயோ, இன்னாக்கா இப்டி பேசற..." என்று மாமா இழுத்தார். அவர் முகத்தில் துக்கமும் சந்தோஷமும் ஒரே சீட்டுக்கு இடித்துக்கொண்டன. அன்று மாலை நான் வாசலுக்கு வந்தபோது, அவர் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"இன்னா மாமா பண்ற?"

"சும்மா பாப்பா. துரு கிரு கீதான்னு பாத்தேன்."

"ஐஸ் பெட்டி நிக்குமா?"

"ரெண்டு நிக்கும்" என்றார், தன்னை மறந்து. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒரு தடவை மீன் ஏற்றினால் அந்தக் காரில் வேறு எதையும் ஏற்ற முடியாது. அதைவிட, அம்மா மறுபடியும் அந்த பஸ்ஸுக்கு நிற்கப் போகிறாள்.

அடுத்த டெஸ்டுக்கு ஜனவரி பிறந்ததும் ஒரு நாள் கிடைத்தது. அதுவரை அம்மா விடவில்லை. குழம்பு கிண்டும்போது கரண்டியைக் கியர் கம்பியாக நினைத்துக்கொண்டு மேலே, கீழே, உள்ளே, மேலே என்று பழகினாள். அம்பாசடரில் கியர் கம்பி ஸ்டீரிங்குக்குக் கீழேதான் இருக்கும், ஆகவே கரண்டி சரியான உயரத்தில் இருந்தது. குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. வங்கக்கடலில் புயல் சின்னம் என்று எச்சரிக்கை போட்டுவிட்டதால் லாஞ்சுகள் கரையில் கிடந்தன. மாமாவுக்கு வேலையில்லை. தினமும் காலையில் வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிடுவார். தினமும் க்ர்ர்ரக். தினமும் ரயில்வேக்காரர். தினமும் மாதா.

திருப்பம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, வஞ்சிரம் வறுவலோடு சாப்பிட்டு, மாமா பாயை விரித்த நேரம். அம்மா சாவியை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"ஏந்திரிடா. திருவொற்றியூர் வரைக்கும் போயிட்டு வரலாம்."

"இப்பவா? சோறு துன்னுட்டு மனுசன் கொஞ்சம் சாய வேணாமா?"

"வண்டில சாஞ்சிக்கோ."

காலையிலிருந்து வெயிலில் நின்ற வண்டி. உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. தெருமுனையில் நான் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டேன். சத்தம் வந்தது, ஆனால் பாதி சத்தம். கடற்கரைச் சாலையில் ஏறி, காசிமேட்டைத் தாண்டி, தண்டையார்பேட்டைப் பக்கம் வந்தபோது ஒரு லாரிக்காக வேகத்தைக் குறைத்து அம்மா செகண்டுக்கு மாற்றினாள். விழுந்தது. வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி. மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அம்மா வேண்டுமென்றே தேர்டு போட்டாள், மறுபடி செகண்டுக்கு வந்தாள். விழுந்தது. திருவொற்றியூர் போய்த் திரும்புகிற வரைக்கும் இதையேதான் செய்துகொண்டிருந்தாள். பின்னால் வந்த ஆட்டோக்காரன் எங்களைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, "இன்னா யக்கா, ரோட்டுல ஊஞ்சல் ஆடிகினு போற?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் விடியற்காலையில் அதே தெருமுனை, அதே க்ர்ர்ரக்.

அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள்.

"டேய், எனக்கு ஒண்ணு சொல்லு. கை அதே கை. காலு அதே காலு. காலைல கடிக்குது, மத்தியானம் கடிக்கல. அப்ப தப்பு யார் மேல?"

"பழக்கம்க்கா. காலைல தூக்கக் கலக்கம்."

"எனக்கா தூக்கக் கலக்கம்? இருட்டுல ஏந்து ஊசி போடறவடா நான். ஒரு ஆளுக்கு சாயங்காலம் மட்டும் ஜுரம் வருதுன்னா, நடிக்கிறான்னு சொல்ல மாட்டேன். ரத்தம் எடுத்துப் பாப்பேன். இந்த வண்டிக்கு ரத்தம் எடுக்கணும்."

எனக்குச் சட்டென்று எங்கள் குளியலறை ஜன்னலில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில் ஞாபகம் வந்தது. அந்த மாதம் முழுக்கக் காலையில் உறைந்து கிடந்தது, மத்தியானம் தானாக உருகிவிடும். வண்டிக்குள் அம்மாவின் கை மாறவில்லை. எண்ணெய்தான் மாறுகிறது. நான் பின் சீட்டிலிருந்து கத்தினேன்.

"எண்ணெய்ம்மா! மாமா ஊத்துன எண்ணெய்! குளுர்ல கெட்டியாகுது, வெயில்ல இளகுது!"

மாமா முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"வந்துட்டாங்கடா சயின்ஸ் டீச்சரு. பாப்பா, அந்த எண்ணெய் நடுக்கடல்ல டன் கணக்குல வலைய இழுக்குது. உங்க காரு இன்னாத்த இழுக்குது? ஒரு அக்காவயும் ஒரு பாப்பாவயும். அதுக்குப் போயி எண்ணெய் மேல பழி போடறியே."

"விஞ்சுல செகண்ட் கியர் கீதாடா?" என்று கேட்டாள் அம்மா.

மாமா தலையைச் சொறிந்தார். விஞ்சில் ஏது செகண்ட் கியர்? அது ஒரே வேகத்தில் சுற்றும், இழுக்கும், நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சக்கரத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிற வேலை அதற்கு இல்லவே இல்லை.

"...இல்ல" என்றார்.

"அப்ப கியர்னா கியர்தான்னு எப்டிடா சொன்ன?"

அன்று அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். எனக்குக் காலேஜ் லீவு. வெளிச்சம் வந்ததும் மாமாவே வண்டிக்கடியில் போனார். கியர் பாக்ஸின் அடித்துளையைத் திறந்ததும் எண்ணெய் விழ மனசில்லாமல் ஒரு கயிறு மாதிரி தொங்கி, மெதுவாகத் தட்டில் இறங்கியது. கூடவே அந்த நாற்றம். அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் கொஞ்சம் விரலில் எடுத்து வெயிலில் காட்டினேன். மஞ்சளாக ஒரு மினுமினுப்பு, ஜிகினாத்தூள் கலந்த மாதிரி.

"மாமா, கியர் மாத்தும்போது சக்கரத்தோட வேகத்த கட்டுப்படுத்த உள்ள வளையம் மாதிரி ஏதாவது கீதா?"

"கீது. பித்தளை வளையம். அது உரசித்தான் ரெண்டு பல்லும் ஒரே வேகத்துக்கு வரும்."

"இந்த நாத்தம் கந்தகம். பாரம் தாங்கறதுக்காக எண்ணெய்ல சேக்கற மருந்து. கந்தகத்துக்கும் பித்தளைக்கும் ஆவாது. லேப்ல செம்புத் தகடு கருத்துப் போறத நானே பாத்துக்கீறேன். அது மட்டும் இல்ல, வளையம் உரசணும்னு சொல்ற. நீ ஊத்துனது கெட்டியாவும் கீது, வழுக்கவும் செய்யுது. அது எப்டி உரசும்?"

மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் எங்க அக்கா வண்டிக்கு வெஷம் ஊத்திக்கீறனா?" என்றார்.

"அழுவாத. ஏந்து வா, கடைக்குப் போலாம்" என்றாள் அம்மா.

தண்டையார்பேட்டையில் லாரிக்காரர்கள் வாங்குகிற எண்ணெய்க் கடை ஒன்றிருந்தது. மூன்று பேரும் போனோம். கல்லாவில் இருந்தவர் பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் போல, எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்கம்மா, இன்னா வண்டி?"

"அம்பாசடர்" என்றேன் நான். "தொண்ணூறு நம்பர் கியர் ஆயில். கந்தகம் கம்மியா கீறது. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் சேத்து ஒரே டப்பாவா குடுங்க."

எல்லாம் தெரிந்தவள் பேசிவிட்டேன், இனி யார் வாயைத் திறக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மாமா திறந்தார்.

"தோ பாரு பாப்பா, முன்னாடி நீ சொன்னது கரெக்டு, நான் ஒத்துக்கினேன். பின்னாடி என் ஏரியா. டிஃபரன்ஷியல்ல பல்லு நேரா உருளாது, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிகினே சுத்தும். சாதா எண்ணெய ஊத்துனா ஊளையிடும். அப்பால பொடியாப் பூடும். விஞ்சுல ஒரு தபா அப்டி ஆயி, வலையோட நடுக்கடல்ல நின்னுகினு கெடந்தோம். பின்னாடிக்கு மருந்து போட்டதுதான் வோணும்."

"அவரு சொல்றது நியாயம்மா" என்றார் கடைக்காரர். அவர் அடுக்கிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் தொண்ணூறு. ஒன்றில் ஜி.எல். நாலு, இன்னொன்றில் ஜி.எல். அஞ்சு. "நாலு முன்னாடிக்கு, அஞ்சு பின்னாடிக்கு. அஞ்சுலதான் மருந்து ஜாஸ்தி. கார் பின்னாடிக்கும் தொண்ணூறு போதும், நூத்தி நாப்பது வேணாம்."

மாமாவுக்கு உடனே பழைய புத்தி எட்டிப் பார்த்தது.

"அஞ்சு நாலவிட ஒசத்திதான? அப்ப முன்னாடிக்கும் அஞ்சே ஊத்திட்டா? நல்ல பொருளாப் பூடட்டுமே."

"பித்தளை, மாமா, பித்தளை!"

"ஆங்... பித்தளை."

அம்மா இரண்டு டப்பாக்களையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "எனக்குப் புரிஞ்சிது. தொண்ணூறு, நூத்தி நாப்பதுன்றது குழம்பு எவ்ளோ கெட்டின்னு. நாலு, அஞ்சுன்றது எவ்ளோ காரம்னு. கெட்டி வேற, காரம் வேற. இவன் கெட்டியும் காரமுமா மீன் குழம்பு வச்சி, பச்சக் கொழந்தைக்கு ஊட்டி வுட்டுக்கீறான்."

கடைக்காரர் சிரித்ததில் நாற்காலி பின்னால் நகர்ந்தது. மாமாவும் சிரித்தார். எவ்வளவோ பேச்சு வாங்கியும் அவருக்கு அம்மா மேல் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, கிழித்து, இரண்டு டப்பாக்களிலும் ஒட்டி, பேனாவால் ஒன்றில் 'முன்' என்றும் மற்றதில் 'பின்' என்றும் எழுதினாள். ஆஸ்பத்திரிப் பழக்கம். மருந்தை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்று. வண்டிக்கடியிலிருந்து மாமாவின் கை மட்டும் வெளியே வரும். "முன்ன குடு" என்பார். அம்மா டப்பாவைக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை படிப்பாள். "முன்" என்று சத்தமாகச் சொல்லித்தான் கொடுப்பாள்.

பழைய எண்ணெயின் மிச்சம் உள்ளே இருக்கக் கூடாது என்று முதலில் கொஞ்சம் ஊற்றி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, வடித்துவிட்டு, அப்புறம் நிரப்பினார். பக்கத்துத் துளை வழியாக எண்ணெய் வழிய ஆரம்பித்ததும் மூடினார். பின்னால் போனபோது அவர் முகமே வேறு. டிஃபரன்ஷியலில் கையை வைத்து, குதிரையைத் தட்டுகிற மாதிரி தட்டி, "உனக்கு ஒண்ணும் ஆவாது, நான் கீறேன்" என்று அதனிடம் சொன்னார். நான் கேட்டேன். அம்மாவும் கேட்டாள். இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டோம்.

அப்போதே ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மத்தியானம் யாருக்கும் ஜுரம் இல்ல. காலைல பாப்போம்."

மறுநாள் நல்ல பனி. மூன்று பேரும் வழக்கமான சீட்டுகளில். எனக்குத் தூக்கம் வரவே இல்லை. முதல் கியரில் வண்டி நகர்ந்தது. தெருமுனை வந்தது. அம்மா கிளச்சை மிதித்து, கம்பியை இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மா பயந்து பிரேக்கைப் போட்டு நிறுத்தினாள்.

"டேய், இன்னா ஆச்சி? விழலயா?"

"விழுந்துச்சிக்கா! செகண்ட்லதான் கீது! கம்பியப் பாரு!"

"சத்தமே வரல?"

"வராதுக்கா. வரக் கூடாது."

அம்மா ஸ்டீரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று நான் எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அன்று மாலை எதிர்வீட்டு ரயில்வேக்காரர் சண்டைக்கு வந்தார். காலையில் எங்கள் வண்டி சத்தம் வராததால் தூங்கிப் போய், டியூட்டிக்கு லேட்டாகிவிட்டதாம்.

இரண்டாவது டெஸ்டுக்கு அதே இன்ஸ்பெக்டர். அம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், போன தடவை ஞாபகத்தில். நானும் மாமாவும் மைதான ஓரத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாமா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

"இன்னா மாமா, ஜெபமா? பெயிலாவணும்னா, பாஸாவணும்னா?"

"பேமானி மாதிரி பேசாத பாப்பா. அது எங்க அக்கா." கொஞ்சம் விட்டு, "டிக்கி நல்ல டிக்கிதான். இருந்தாலும் பரவால்ல" என்றார்.

வண்டி ரோட்டுக்குப் போனது. வளைவில் மறைந்தது. எங்களுக்குக் காது மட்டும்தான் மிச்சம். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். தூரத்தில் ஒரு லாரி, ஒரு காக்கா, ஐஸ்காரனின் மணி. அவ்வளவுதான் கேட்டது. திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் கதவுக் கைப்பிடியை விட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறவர் மாதிரி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பழகிட்டீங்களேம்மா" என்றார் இறங்கும்போது.

"நான் பழகலங்க. எண்ணெய மாத்துனோம்" என்றாள் அம்மா.

அவருக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

லைசென்ஸ் அன்று மத்தியானமே கைக்கு வந்துவிட்டது. அம்மா அதை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கைப்பையில் வைத்தாள், வண்டிக்கு முன்னால் போய் எல் போர்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். நான் பின்கதவைத் திறந்து ஏறினேன். மாமா முன்னால் ஏறினார்.

"எறங்குங்க" என்றாள் அம்மா.

"இன்னாக்கா?"

"ரெண்டு பேரும் எறங்குங்க. இன்னிக்கு ரெண்டாவது ஷிஃப்டு மாத்தி வாங்கிக்கீறேன். நேரா வேலைக்குப் போறேன்."

"தனியாவா? எண்ணூருக்கா? அந்த லாரி ரோட்டுல? நான் பக்கத்துல சும்மா குந்திகினு வரேன்க்கா, வாயே தொறக்க மாட்டேன்."

"உன்னால முடியாதுடா. எறங்கு."

இறங்கினோம். வேறு என்ன செய்ய? அம்மா சீட்டில் வைத்திருந்த மெத்தையைச் சரிசெய்துகொண்டாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள், எங்களைப் பார்க்கவில்லை. முதல் கியரில் வண்டி நகர்ந்து, துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் வரிசைக்கு நடுவில் மூக்கை நுழைத்தது. செகண்ட். பிறகு தேர்டு.

"போறா பாரு, திரும்பிக்கூடப் பாக்கல" என்றார் மாமா, தலையில் கையை வைத்துக்கொண்டு. சிரிப்பு மட்டும் காது வரை இருந்தது.

அவளுக்குப் பின்னால் வந்த ஒரு கண்டெய்னர் லாரிக்காரன் நீளமாக ஹாரன் அடித்துப் பார்த்தான். அம்மா வழி விடவில்லை.